எட்டு மணிக்கு ஏறி பதினொன்றரைக்கு இறங்கியவன்

கோலா சாவா ரப்பர் தோட்டம், மலாயா
1943, சித்திரை 26

மாப்பிள்ளை நல்லசாமிக்கு மாயாண்டி எழுதுவது.

என் மகனை என்னைக் கேட்காமல் சயாமுக்கு அனுப்பிவிட்டீர்கள். இதுதான் நீங்கள் செய்த தவறு. சுகம் விசாரித்துவிட்டுத்தான் இதை எழுத வேண்டும் என்ற முறை எனக்கும் தெரியும். ஆனால் நெஞ்சில் இருப்பதை இறக்கி வைக்காமல் சுகம் கேட்டால் அது பொய்யாகப் போகும். இப்போது கேட்கிறேன். தங்கச்சி பஞ்சாலை சுகமா? உங்கள் மகன், மருமகன் முருகையா சுகமா? இங்கே நானும் மகள் வள்ளிநாயகியும் மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு தின்கிறோம். அது சுகம் என்றால் சுகம்.

மாசி மாதம் ராமகிருஷ்ணனை எதற்காக உங்களிடம் அனுப்பினேன்? சயாமில் போடுகிற ரயில் பாதை வேலைக்குத் தோட்டத்துக்கு இத்தனை தலை என்று ஜப்பான்காரன் கேட்கிறான். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி பெயர் எழுதுகிறார். நான் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் என்பதால் என் கையாலேயே ஆட்களைக் கூட்டிப்போய் சிரம்பானில் ரயில் ஏற்றுகிறேன். அந்தப் பட்டியலில் என் பிள்ளை பெயர் வரக்கூடாது என்றுதான், சிங்கப்பூரில் விமானத் திடலில் ஸ்டோர் கிராணியாக இருக்கிற தங்கச்சி புருஷன் பார்த்துக்கொள்வார் என்று நம்பி ஒப்படைத்தேன். தோட்டத்து ரப்பர் ஆலை எஞ்சினில் எட்டு வருடம் கை வைத்தவன், திடலில் அவனுக்கு வேலை உண்டு என்று நீங்களும் சொன்னீர்கள்.

முந்தாநாள் லாரிக்கார முனியாண்டி கருவாட்டு மூட்டைக்கு அடியிலிருந்து உங்கள் துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தான். அதில் இருந்தது இவ்வளவுதான்: "சித்திரை 17ஆம் தேதி காலை எட்டு மணிக்கு ராமகிருஷ்ணன் ஏரோப்பிளேனில் ஏறினான். பதினொன்றரைக்கு பாங்காக் திடலில் இறங்கினான். சுகம். கவலை வேண்டாம்."

பால்மரம் வெட்டுகிறவன் பிள்ளையை ஏரோப்பிளேனில் ஏற்றிக்கொண்டு போவார்களா? ரயிலில் ஆடு மாடு போல அடைத்துப் போவதைக் கண்ணால் பார்த்தவனிடம் இந்தக் கதையைச் சொல்கிறீர்கள். முழு விவரம் எழுதுங்கள். அதுவரை நான் நம்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும்.

மாயாண்டி


ஷோனான் என்கிற சிங்கப்பூர்
மே 24, 1943 (ஜப்பான்காரர்கள் கணக்கில் 2603)

மச்சான் அவர்களுக்கு நல்லசாமி வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தாங்களும் வள்ளிநாயகியும் திடமாக இருக்க வேண்டும். பஞ்சாலை சரியாகச் சாப்பிட்டு இருபது நாளுக்கு மேல் ஆகிறது. காய்ச்சல் இல்லை. ஆஸ்பத்திரி டிரஸர் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

ராமகிருஷ்ணன் விஷயம் கேட்டிருந்தீர்கள். சித்திரை 16 மாலை ஜப்பான் அதிகாரி ஸ்டோருக்கு வந்தார். பாங்காக்கில் இருக்கும் அவர்கள் திடலுக்கு இரண்டு விமான எஞ்சின்கள் போக வேண்டும், பெட்டிகள் ஆடாமல் பார்த்துக்கொள்ளவும் அங்கே போய்ப் பூட்டிக் கொடுக்கவும் எஞ்சின் தெரிந்த ஒருவன் வேண்டும், காலையில் புறப்பாடு என்றார். ஒரே ஒரு இடம்தான் இருந்தது. நான் ராமகிருஷ்ணனைச் சொன்னேன். உங்களைக் கேட்டுப் பதில் வருவதற்கு முனியாண்டி லாரி போய்த் திரும்ப ஒரு மாதம் ஆகும். எனக்கு இருந்தது ஒரு மாலைப் பொழுது.

விமானம் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அதில் வந்த சமையல்காரன் ராமகிருஷ்ணன் எழுதிய சீட்டைக் கொடுத்தான். அதில் இருந்த நேரத்தைத்தான் உங்களுக்கு எழுதினேன். அங்கே கூரை உண்டு, அரிசிச் சோறு உண்டு என்றும் எழுதியிருந்தான்.

தபாலில் எதுவும் எழுதவேண்டாம். விமானம் என்ற சொல்லைப் பார்த்தாலே கடிதத்தைக் கத்தரிக்கிறார்கள், எழுதினவனைத் தேடியும் வருகிறார்கள். முனியாண்டியிடமே கொடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

நல்லசாமி


கோலா சாவா
1943, வைகாசி 24

மாப்பிள்ளைக்கு.

வள்ளிநாயகிக்கு இருமல். மற்றபடி இருக்கிறோம். பஞ்சாலைக்குக் கருவேப்பிலையும் காய்ந்த மிளகும் அனுப்பியிருக்கிறேன், ரசம் வைத்துக் கொடுங்கள். மருமகன் முருகையாவைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. முப்பது வயதில் பழைய பத்திரிகைக் கடுதாசியை வைத்துத்தான் எழுத்துக் கற்றேன். ஆனால் கணக்கில் என்னை ஏமாற்ற முடியாது. உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் யாழ்ப்பாணத்துக்காரர் கிராணி குலசேகரத்திடம் போனேன். அவர் மகள் மீனலோசனியின் பள்ளிக்கூட உலகப்படப் புத்தகம் அவர் வீட்டில் இருக்கிறது.

"கொஞ்சம் அந்தப் படத்தக் குடுங்கய்யா. ஒரு தூரம் பாக்கணும்" என்றேன்.

"என்ன மாயாண்டி, நூலும் கையுமா வந்திருக்கிறீர்? உலகத்தைக் கட்டி இழுக்கப் போறீரோ?"

"சிங்கப்பூருலேருந்து பாங்காக் எத்தன மைலுன்னு பாக்கணும்."

"இந்தக் காலத்திலை உம்மட வாயாலை அந்த ரெண்டு பேரையும் ஒண்டாச் சொல்லாதையும்" என்று சன்னலைச் சாத்திவிட்டுப் படத்தைக் கொடுத்தார். "உதிலை கீழை அளவு கிடக்கு. ஒரு அங்குலம் இருநூறு மைல்."

நூலைப் பிடித்து நேராக அளந்தேன். நாலரை அங்குலம். தொள்ளாயிரம் மைல். இரண்டாம் தடவை குலசேகரமே பிடித்தார். அப்போதும் நாலரை.

முனியாண்டி வந்ததும் விமானம் என்ன வேகம் போகும் என்று கேட்டேன். திடலுக்குச் சாமான் இறக்கப் போகிறவன், மெக்கானிக்குகளோடு பழக்கம். "சாமான் ஏத்துற பிளேனு மணிக்கு நூத்தறுவது மைலு போவுமாம். அதுக்கு மேல போனா ஆணியெல்லாம் கழண்டுக்கும்லா" என்றான். பிறகு நூலைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஏரோப்பிளேனுக்கே நூல் புடிச்ச மண்டோரு நீங்க ஒருத்தர்தான்யா."

சிரிக்கட்டும். கணக்கைக் கேளுங்கள். மணிக்கு நூற்றறுபது மைல் என்றால் தொள்ளாயிரம் மைலுக்கு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டு மணிக்கு ஏறி பதினொன்றரைக்கு இறங்கினான் என்கிறீர்கள். அது மூன்றரை மணி. அப்படிப் பார்த்தால் மணிக்கு இருநூற்று ஐம்பத்தேழு மைல். எஞ்சின் பெட்டி ஏற்றின விமானம் அப்படிப் பறக்காது. ஆகவே என் மகன் விமானத்தில் போகவில்லை. எதில் போனான் என்பதும் எனக்குத் தெரியும்.

சித்திரை 18 காலை எங்கள் தோட்டத்து ஆட்கள் இருபது பேரை சிரம்பானில் ஏற்றினேன். வண்டி சிங்கப்பூரிலிருந்து நிரம்பித்தான் வந்தது. இரும்புப் பெட்டிகள், கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. உள்ளே இருந்து தண்ணீர் தண்ணீர் என்று கை நீட்டுகிறார்கள். ஒரு பெட்டியிலிருந்து "மாமா, மாமா" என்று ஒரு குரல் கூப்பிட்டது. வயதானவனை யாரும் மாமா என்று கூப்பிடும் ஊர் இது. நான் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது யோசிக்கிறேன். அந்த வண்டியில்தான் என் மகனும் இருந்திருக்க வேண்டும். அப்பா என்று ஒரு குரல் கேட்டிருந்தால் பெட்டியை உடைத்திருப்பேன். அவன் மயங்கிக் கிடந்தானோ என்னவோ.

காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்கு நான் இன்னும் பழைய மணிக்குத்தான் தண்டவாளத் துண்டை அடிக்கிறேன். ஜப்பான்காரன் தன் ஊர் மணி என்று ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்திருக்கிறான். அந்த மணிக்கு ஆட்கள் வந்தால் மரம் தெரியாது, விரலைத்தான் வெட்டிக்கொள்வார்கள். குலசேகரம் பயப்படுகிறார். நான் மாற்றவில்லை. யாருக்காகவும் இல்லாததை இருக்கிறது என்று சொல்கிறவன் நான் இல்லை.

ஒரு கேள்வி கேட்கிறேன். முருகையாவும் அதே திடலில்தானே வேலை செய்கிறான். உங்கள் சொந்த மகனாக இருந்திருந்தால் அனுப்பியிருப்பீர்களா?

மாயாண்டி


சிங்கப்பூர்
ஜூன் 27, 1943

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

வள்ளிநாயகியின் இருமல் எப்படி இருக்கிறது? வெற்றிலைச் சாறு கொடுத்துப் பாருங்கள். மிளகு வந்து சேர்ந்தது.

உங்கள் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. நானும் போட்டுப் பார்த்தேன். எனக்கும் மூன்றரைதான் வருகிறது. ஆனால் சீட்டில் பதினொன்றரை என்றுதான் இருந்தது. அந்தச் சீட்டை உங்களுக்கு அனுப்பியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. ராணுவ விமானத்தில் வந்த தமிழ்ச் சீட்டு வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணி அன்றே அடுப்பில் போட்டேன். அது என் பிசகு.

அவன் விமானத்தில்தான் போனான். நான் நின்று பார்த்தேன்.

கடைசியாகக் கேட்டிருந்தீர்களே, அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. மன்னிக்கவும்.

நல்லசாமி


கோலா சாவா
1943, ஆடி 6

நல்லசாமிக்கு.

சீட்டை எரித்துவிட்டீர்கள். கணக்கு உங்களுக்கும் இடிக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

பெடாஸ் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் ஒருவன் திரும்பியிருக்கிறான் என்று கேள்விப்பட்டு ஏழு மைல் நடந்து போய்ப் பார்த்தேன். காலில் முழங்கால் வரை புண். என்னைப் பார்த்துப் பேசவில்லை, என் கையில் இருந்த கிழங்கைப் பார்த்தான். என் மகன் பெயரைச் சொல்லிக் கேட்டேன். "அங்க யாருக்கும் பேரு இல்லண்ணே" என்றான். அவன் அம்மா என்னைப் போகச் சொல்லிவிட்டாள்.

தை மாதம் என் மகளை உங்கள் மகன் முருகையாவுக்கு என்று பேசிப் பரிசம் போட்டோம். அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பிள்ளையை விற்றவர் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுக்க மாட்டேன். பரிசச் சேலையை மடிப்புக் கலையாமல் முனியாண்டியிடம் கொடுத்திருக்கிறேன். எண்ணிக்கொள்வதற்கு வேறு ஒன்றும் இல்லை, அது ஒன்றுதான்.

சேலையை எடுத்துத் தா என்று சொன்னபோது வள்ளிநாயகி பெட்டியைத் திறந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். "அப்பா, சேல என்ன தப்பு பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டாள். நீங்கள் பதில் எழுதவில்லை, நானும் சொல்லவில்லை. அதில் மட்டும் நாம் ஒன்று.

தங்கச்சியிடம் சொல்லுங்கள், அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இனி என் கடிதம் வராது.

மாயாண்டி


சிங்கப்பூர்
ஆகஸ்ட் 29, 1943

மச்சான் அவர்களுக்கு நல்லசாமி.

இந்த மாதம் முனியாண்டி வெறுங்கையோடுதான் வந்தான். தோட்டத்தில் மலேரியா என்று சொன்னான். நீங்களும் வள்ளிநாயகியும் தப்பித்து இருக்கிறீர்கள் என்று அவன் வாயால் கேட்டுக்கொண்டேன். வேப்பிலை மட்டும் போதாது, சிங்கோனாப் பட்டை கொஞ்சம் கிடைத்தது. கொடுத்திருக்கிறேன்.

சேலை போன மாதமே வந்து சேர்ந்தது. பஞ்சாலை அதைக் கையில் வாங்கவில்லை. நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

அந்தச் சமையல்காரன் மறுபடியும் வந்தான். ராமகிருஷ்ணன் உங்களுக்கு என்று ஒட்டிக் கொடுத்த கடிதத்தை அப்படியே பிரிக்காமல் அனுப்புகிறேன். படித்ததும் நெருப்பில் போட்டுவிடுங்கள். எனக்கும் இரண்டு வரி எழுதியிருந்தான். நேரத்து விஷயம் அதில் விளங்கியது. உங்கள் நூலும் சரிதான். நான் எழுதிய மணியும் சரிதான்.

இதற்காக நீங்கள் எனக்குப் பதில் எழுத வேண்டும் என்பதில்லை. பையன் சுகமாக இருக்கிறான் என்று நிம்மதியாகச் சாப்பிடுங்கள். அது போதும்.

நல்லசாமி


பாங்காக்
ஆவணி மாதம், தேதி சரியாகத் தெரியவில்லை

அப்பாவுக்கு ராமகிருஷ்ணன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். நீங்களும் வள்ளியும் எப்படி இருக்கிறீர்கள்?

நான் விமானத்தில் வரவில்லை என்று நீங்கள் சொல்வதாகச் சமையல்காரரிடம் மாமா சொல்லியனுப்பியிருந்தார். அப்பா, இங்கே சயாம்காரர்கள் தங்கள் பழைய மணியைத்தான் வைத்திருக்கிறார்கள். ஜப்பான் மணிக்கு மாறவில்லை. சிங்கப்பூர்த் திடல் கடிகாரத்தைவிட இங்கே இரண்டு மணி பிந்தி. சிங்கப்பூர்க் கடிகாரத்தில் எட்டுக்கு ஏறினேன். இறங்கினதும் இங்கே சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை, அதைப் பார்த்து எழுதிவிட்டேன். சிங்கப்பூர்க் கடிகாரத்தில் அப்போது ஒன்றரை. மொத்தம் ஐந்தரை மணி நேரம். எனக்கே இது ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது. பகல் சோறு ஏன் இவ்வளவு தாமதமாகத் தருகிறார்கள் என்று முதல் வாரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

மேலே போனபோது முதல் அரை மணி கண்ணையே திறக்கவில்லை. பிறகு பார்த்தால் எல்லாம் நம் ரப்பர் மரங்கள் போலவே இருந்தது. நம் தோட்டம் எது என்று தேடினேன். அந்த வழியில் போகவில்லை போலிருக்கிறது.

முருகையாவைப் பற்றி ஏதாவது தகவல் வந்ததா? மாமாவைக் கேட்டு எழுதினேன், அவர் ஒன்றும் எழுதவில்லை. ரயில் பாதை முகாம்களுக்குப் போகிற லாரிக்காரர்களிடம் இங்கே நானும் விசாரிக்கிறேன். விமானம் ஏறும்போது என் பெட்டியை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். "மேல போயி கீழ பாத்து கைய ஆட்டுடா" என்றான். ஆட்டினேன். அவன் பார்த்தானா என்று தெரியாது.

மாமா அன்று எனக்குச் செய்ததை நான் எப்படித் திருப்பிச் செய்வது என்று தெரியவில்லை அப்பா. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ராமகிருஷ்ணன்


கோலா சாவா
1943, ஆவணி 27

மாப்பிள்ளைக்கு.

மருமகன் முருகையா எங்கே? இதற்கு மட்டும் பதில் வேண்டும். மற்ற விசாரிப்பெல்லாம் பிறகு.

மாயாண்டி


சிங்கப்பூர்
புரட்டாசி 8

அண்ணனுக்கு பஞ்சாலை சொல்லி எழுதுவது. அடுத்த வீட்டு பூரணம் டீச்சர் எழுதித் தருகிறார். நான் சொல்லுவதைச் சொன்னபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணே, நல்லா இருக்கீங்களா? வள்ளி நல்லா இருக்குதா? நீங்க கேட்டு எழுதுன கடுதாசிய அவரு ரெண்டு நாளு கையில வச்சிக்கிட்டே இருந்தாரு. மூணாம் நாளு என்கிட்ட குடுத்துட்டு "நீ சொல்லிரு" என்னாரு. அஞ்சு மாசத்துல என்கிட்ட அவரு பேசுன மொத வார்த்த அது. அவரு மேல தப்பில்ல, நான்தான் பேசறதில்ல. தட்டுல கெழங்க வச்சிட்டு வெளிய போயிருவேன்.

அன்னிக்கிச் சாயங்காலம் கிராணி இவர மட்டும் விட்டுட்டு ஸ்டோரு ஆளுங்க அத்தன பேரையும் சயாம் ரயிலுக்குன்னு எழுதிட்டாங்க. ஒங்க மகன் பேரும் இருந்துச்சு, எம்மகன் பேரும் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் எஞ்சின் தெரியும். ஒருத்தன மட்டும் பிளேனுல ஏத்தலாம், யாருன்னு நீ சொல்லுன்னு அதிகாரி இவர்கிட்டயே விட்டுட்டான். நான் இவரு கால்ல விழுந்தேண்ணே. ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன். எம்பிள்ளைய ஏத்துங்கன்னுதான் விழுந்தேன். இவரு சொன்னாரு: "ஒப்படைச்ச பிள்ளைக்கு மொதல்ல பதில் சொல்லணும். பெத்த பிள்ளைக்கு நாம அப்புறம் சொல்லிக்கலாம்."

ஒங்களுக்கு எழுத வேணாம்னுட்டாரு. "மச்சானுக்குத் தெரிஞ்சா சோத்துலயே கை வைக்க மாட்டாரு, அவரு கொணம் ஒனக்குத் தெரியாதா" என்னாரு.

பிளேனு போன அதே நாளு சாயங்காலம் எம்மகன ரயிலு ஏத்துனாங்க. இது வரைக்கும் ஒரு சேதியும் இல்ல. கெளம்பறப்ப அவன் அழுவல அண்ணே, என்னச் சிரிக்க வச்சான். ஒங்க தோட்டத்து ஆளுங்களையும் அதே வண்டியிலதான் ஏத்துறாங்கன்னு முனியாண்டி சொல்லியிருந்தான். "காலையில சிரம்பான்ல நிக்கும்மா, மாமா ஆளேத்த வருவாரு. பாத்தா கூப்பிடறேன். தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, சேலைய வள்ளி கட்டிப் பாத்துச்சான்னு கேக்கறேன்" என்னு சொல்லிட்டுப் போனான்.

நீங்க எழுதற கடுதாசிய அவரு எனக்குப் படிச்சுக் காட்டறதில்ல. அதனால கேக்கறேன். அவன் கூப்புட்டானா அண்ணே? நீங்க பாத்தீங்களா? அத மட்டும் எழுதுங்க.

பஞ்சாலை


கோலா சாவா
1943, புரட்டாசி 24

தங்கச்சி பஞ்சாலைக்கும் மாப்பிள்ளை நல்லசாமிக்கும் மாயாண்டி எழுதுவது. இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும். மாப்பிள்ளை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

வள்ளிநாயகிக்கு இருமல் நின்றுவிட்டது. சிங்கோனாப் பட்டையை ஐந்து வீட்டுக்குப் பங்கிட்டோம்.

தங்கச்சி கேட்டதற்குப் பதில். கூப்பிட்டான். இரண்டு தடவை கூப்பிட்டான். நான் பத்தடி தள்ளி நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

இதை வைகாசிக் கடிதத்தில் என் கையாலேயே எழுதினேன். மாப்பிள்ளை அதைப் படித்தீர்கள். அது யார் குரல் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வள்ளியின் இருமலுக்கு வெற்றிலைச் சாறு கொடுக்கச் சொல்லிப் பதில் எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை இப்போது எடுத்துப் படித்தேன்.

தொள்ளாயிரம் மைல், ஐந்தரை மணி நேரம். மணிக்கு நூற்றறுபத்து மூன்று மைல், சொச்சம். சரியாக இருக்கிறது. தோட்டத்தில் ஒரு மணியும் ஆபீசில் ஒரு மணியும் வைத்துக்கொண்டு தினமும் தண்டவாளம் அடித்த எனக்கு, ஊருக்கு ஊர் மணி மாறும் என்பது தோன்றவில்லை.

ஆனால் ஒன்று. என்னைக் கேட்காமல் செய்தது தவறு என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அதை நான் மாற்ற மாட்டேன். கேட்டிருந்தால் முருகையாவை ஏற்றுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஒப்படைத்தவன் நான். பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் உரிமையும் எனக்குத்தான். அந்த உரிமையை எனக்குத் தராமல் நீங்கள் ஒருவராகச் சுமந்தீர்கள். அது தவறுதான்.

அடுத்த கூட்டம் ஐப்பசி 3 காலை சிரம்பானில் ஏறுகிறது. முப்பது பேர், கூடப் போக ஒரு மண்டோர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நேற்று ஆபீசுக்குப் போய் என் பெயரை எழுதச் சொன்னேன். குலசேகரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உமக்கு விசரோ? அம்பத்தெட்டு வயசிலை ஆரும் தானாப் போவினமோ? உம்மட மோன் அங்கை சுகமாத்தானே இருக்கிறான்?"

"எம்மகனப் பாக்கப் போகலய்யா. மருமகன் ஒருத்தன் இருக்கான்."

"எத்தினையோ முகாம். எங்கையெண்டு தேடுவீர்?"

"நூல் புடிச்சுத் தேடுறேன். எழுதுங்க."

அவர் எழுதவில்லை. பெயர்ப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி நானே எழுதினேன். என் எழுத்து அவர் எழுத்தைவிடப் பெரிது, அதனால் இரண்டு கோடு பிடித்துக்கொண்டது.

இனி ஆக வேண்டியதை எழுதுகிறேன்.

முனியாண்டி ஐப்பசி 1ஆம் தேதி லாரியில் வள்ளிநாயகியை ஏற்றிக்கொண்டு வந்து உங்கள் வீட்டு வாசலில் இறக்க வேண்டும். வழியில் ஜப்பான்காரன் லாரியை நிறுத்தினால் அவள் தன் மகள் என்று சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். அவள் "அப்பா" என்று கூப்பிடுகிறாள், அவன்தான் கூச்சப்படுகிறான்.

குலசேகரம் பெரட்டு மணியை இனி அவர் இஷ்டம் போல் ஜப்பான் மணிக்கு அடித்துக்கொள்ளலாம். ஆனால் விடியும் முன்னால் ஆட்களை மரத்துக்கு அனுப்பக்கூடாது. தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். மீனலோசனியின் படப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. சயாம் இருக்கிற பக்கத்தை மட்டும் அந்தப் பிள்ளையே கிழித்துக் கொடுத்தது. அது என்னோடு வருகிறது.

மாப்பிள்ளை, அந்தச் சமையல்காரன் அடுத்த தடவை வரும்போது ராமகிருஷ்ணனுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். பாங்காக்கிலிருந்து முகாம்களுக்குப் போகிற ஒவ்வொரு லாரிக்காரனிடமும் இரண்டு பெயரைச் சொல்லி விசாரிக்கட்டும். ஒன்று முருகையா, ஒன்று மாயாண்டி. எப்படித் திருப்பிச் செய்வது என்று கேட்டிருந்தான். இப்படித்தான்.

சேலையை நான் திருப்பி அனுப்பியது செல்லாது. வள்ளிநாயகி வந்ததும் அதை அவள் கையில் கொடுக்கக்கூடாது. முருகையா வந்து கொடுக்க வேண்டும். அதுவரை பஞ்சாலையின் பெட்டியில் இருக்கட்டும்.

தங்கச்சி, இந்தக் கடிதத்தைக் கேட்டு முடித்ததும் எழுந்து போகாதே. மாப்பிள்ளைக்கு உன் கையால் பரிமாறி, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும். என்னைத் திட்டிப் பேசினாலும் சரி. பேச வேண்டும்.

எனக்கு இருப்பது ஒரு வேலை. போகிற வழியில் வண்டி நிற்கிற இடத்திலும், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஒவ்வொரு கொட்டகையிலும், யார் மாமா என்று கூப்பிட்டாலும் நான் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

மாயாண்டி